கைபேசியா, காரின் திரையா, தனிக் கருவியா? வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன்

திருநெல்வேலியில் இருக்கும் என் மைத்துனர் புதிய கார் ஒன்றை முன்பதிவு செய்யப் போனபோது, விற்பனையகத்தில் இரண்டு வேரியன்ட்டுகளைக் காட்டியிருக்கிறார்கள். இன்ஜின் ஒன்றே, பாதுகாப்பு வசதிகளும் ஏறத்தாழ ஒன்றே. மேல் வேரியன்ட்டில் வரைபடமும் வழிகாட்டியும் காருக்குள்ளேயே பதியப்பட்டிருந்தன. கீழ் வேரியன்ட்டில் தொடுதிரை மட்டுமே இருந்தது, வழி பார்க்க வேண்டுமானால் கைபேசியை அதில் இணைத்துக்கொள்ள வேண்டும். "அத்தான், மேப்புக்காக இவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாமா?" என்று அவர் தொலைபேசியில் கேட்டதற்கு உடனே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை சென்னைக்கும், கோடை விடுமுறையில் ஏதேனும் ஒரு மலைக்கும், முகூர்த்த மாதங்களில் பெயர் தெரியாத ஊர்களின் மண்டபங்களுக்கும் குடும்பத்தோடு ஓட்டிச் செல்பவர் அவர். அவருக்காக யோசித்தவற்றை, அதே கேள்வியோடு நிற்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நம் முன் இருக்கும் வழிகள் நான்கு. கைபேசியை ஸ்டாண்டில் பொருத்தி அதிலேயே வரைபடத்தைப் பார்ப்பது முதலாவது. அதே கைபேசியை ஆண்ட்ராய்டு ஆட்டோ அல்லது ஆப்பிள் கார்பிளே மூலம் காரின் திரையோடு இணைப்பது இரண்டாவது. கார் நிறுவனமே உள்ளே பதித்துத் தரும் வழிகாட்டி மூன்றாவது. கார்மின், டாம்டாம் போன்ற நிறுவனங்கள் செய்யும் தனிக் கருவியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வது நான்காவது. எதில் வரைபடம் நன்றாக இருக்கிறது என்றே பெரும்பாலோர் ஒப்பிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உள்ளன. ஓட்டுபவரின் கண் சாலையை விட்டு எவ்வளவு நேரம் விலகுகிறது? கைபேசிக்கு டவர் கிடைக்காத இடத்தில் அந்தக் கருவி என்ன செய்கிறது?

இரண்டாவது கேள்வியில் பலருக்கும் ஒரு குழப்பம் இருப்பதால் அதை முதலில் தெளிவுபடுத்திவிடலாம். நடுக்காட்டில் வரைபடம் உறைந்து நின்றால் "ஜி.பி.எஸ். போய்விட்டது" என்கிறோம். பெரும்பாலான நேரங்களில் போனது இணையம்தான். அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நேரக் குறிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குறிப்புகள் கிடைத்தால், நாம் நிற்கும் இடத்தைக் கருவி தானாகவே கணித்துவிடும். ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, நம் இஸ்ரோவின் நாவிக் ஆகியவற்றையும் சேர்த்துப் பயன்படுத்தும் கைபேசிகள் இப்போது உள்ளன. இதற்கு சிம் கார்டும் தேவையில்லை, டேட்டாவும் தேவையில்லை. ஆனால் அந்தப் புள்ளியை எந்தச் சாலையின் மேல் வைப்பது, அங்கிருந்து எப்படிப் போவது என்பதற்கு வரைபடம் வேண்டும். அது முன்கூட்டியே கருவிக்குள் இறக்கி வைக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் இணையத்திலிருந்து வந்துகொண்டிருக்க வேண்டும். உள்பதித்த வழிகாட்டிக்கும் தனிக் கருவிக்கும் காலங்காலமாக இருந்த பெருமை, வரைபடத்தைத் தம் வயிற்றிலேயே சுமப்பதுதான். கூகுள் மேப்ஸிலும் வேண்டிய பகுதியை முந்தைய இரவே வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டால், நெரிசல் நிலவரம் மட்டும் கிடைக்காது, வழி கிடைக்கும். இந்த ஒரு வேலையைச் செய்பவருக்கு அந்தப் பழைய வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

இனி கைபேசியும் ஸ்டாண்டும். செலவு மிகக் குறைவு, வரைபடம் மிகப் புதியது, தமிழிலேயே குரல் கொடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நமக்கு முன்னால் செல்லும் ஆயிரக்கணக்கான கைபேசிகளின் வேகத்தைக் கொண்டு நெரிசலைக் கணித்துச் சொல்லும். பொங்கலுக்கு முந்தைய நாள் செங்கல்பட்டைத் தாண்டியவர்களுக்கு அந்தச் சிவப்புக் கோட்டின் மதிப்பு தெரியும். இந்த விஷயத்தில் மற்ற மூன்றும் கைபேசியோடு போட்டியிட வேண்டுமானால், அவையும் இணையத்தோடு இணைந்தாக வேண்டும்.

இதன் குறைகள் வரைபடத்தில் இல்லை, கைபேசி இருக்கும் இடத்திலும் அது செய்யும் மற்ற வேலைகளிலும் இருக்கின்றன. திரை சிறியது, சாலைப் பெயரைப் படிக்கக் கண் சற்று நிலைக்க வேண்டியிருக்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது, ஆகவே இரண்டு நொடி கீழே பார்த்தால் 44 மீட்டர் தூரம் பார்க்காமல் ஓட்டியிருக்கிறோம். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை 2013-இல் கார் திரைகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ஒரு பார்வை இரண்டு நொடிக்கு மிகாமலும், ஒரு வேலையை முடிக்க மொத்தம் 12 நொடிக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்கின்றன. ஓட்டிக்கொண்டே ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்பவர் இந்த வரம்பை முதல் நான்கு எழுத்துகளிலேயே தாண்டிவிடுவார். போதாக்குறைக்கு, திருப்பத்துக்கு நூறு மீட்டர் இருக்கும்போது யாரேனும் அழைத்தால், அழைப்பின் அறிவிப்பு வரைபடத்தின் மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஸ்டாண்டு என்பது ஒரு சிறு பொருள்தான், ஆனால் நான் அதிகம் கவலைப்படுவது அதைப் பற்றியே. சில ஆண்டுகளுக்கு முன் சித்திரை வெயிலில் விருதுநகரைத் தாண்டிச் செல்லும்போது, முன்கண்ணாடியில் உறிஞ்சிப் பிடித்திருந்த ரப்பர் கிண்ணம் சூட்டில் இளகி, ஸ்டாண்டும் கைபேசியும் சேர்ந்து என் காலடியில் விழுந்தன. பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் நடுவில் கிடந்த கைபேசியைக் காலால் ஒதுக்க முயன்ற அந்தச் சில நொடிகளை இன்றும் மறக்கவில்லை. அதன்பின் கண்ணாடியில் ஒட்டுவதை விட்டுவிட்டு, ஏ.சி. காற்று வரும் துவாரத்தில் திருகி இறுக்கும் வகைக்கு மாறினேன். அதில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. வெயிலில் வரைபடத்தை ஓட்டிக்கொண்டே சார்ஜும் ஏறும் கைபேசி கொதித்துப்போய், திரையை மங்கலாக்கும், சார்ஜ் ஏறுவதை நிறுத்தும், சில நேரம் அணைந்தும்விடும். குளிர்காற்று நேராகப் படும்போது அது பெரிதும் குறைகிறது. ஆனால் கனமான கைபேசி மெல்லிய துவாரத் தகட்டை உடைத்துவிடக்கூடும் என்பதால், தகட்டைக் கவ்வும் கொக்கி உறுதியானதா என்று பார்த்து வாங்க வேண்டும். எந்த வகையானாலும் ஏர்பேக் மூடியின் மேலோ அது விரியும் பாதையிலோ ஸ்டாண்டை வைக்கக் கூடாது. விபத்தில் ஏர்பேக் விரியும் வேகத்தில் அந்தக் கைபேசி நம் முகத்தை நோக்கி வரும்.

சட்டமும் இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், ஓட்டும்போது கையில் வைத்துப் பேசும் கருவியைப் பயன்படுத்துவதை ஆபத்தாக ஓட்டும் குற்றத்தில் சேர்த்தது. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தமோ, வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் ஓட்டுபவரின் கவனத்தைக் குலைக்காத வகையில், அக்கருவியைப் பயன்படுத்த அனுமதிக்கிறது. மடியில் வைத்துக் குனிந்து பார்ப்பவர், வழிதான் பார்த்தேன் என்று சொல்லித் தப்ப அந்த வாசகம் இடம் தராது.

கைபேசியைக் காரின் திரையோடு இணைக்கும் இரண்டாவது வழி, முதலாவதின் நன்மைகளை அப்படியே வைத்துக்கொண்டு அதன் குறைகளில் பெரும்பகுதியைக் களைகிறது என்பது என் கருத்து. கார்பிளே 2014-இலும் ஆண்ட்ராய்டு ஆட்டோ 2015-இலும் வந்தன. இன்று நடுத்தர விலைக் கார்களிலேயே இரண்டும் கிடைக்கின்றன. வரைபடம் பெரிய திரையில் விரிகிறது, கைபேசி பையிலோ தட்டிலோ கிடக்கிறது, அழைப்பை ஸ்டியரிங்கில் உள்ள பொத்தானால் ஏற்கலாம் அல்லது தள்ளலாம். கார் நகரும்போது பெரும்பாலும் தட்டச்சுப் பலகையே பூட்டிக்கொள்கிறது. பலர் இதைத் தொல்லை என்கிறார்கள். நான் இதை வாங்கத் தகுந்த முதன்மையான பாதுகாப்பு வசதிகளில் ஒன்றாகவே கருதுகிறேன். கூகுள் மேப்ஸ் மட்டுமின்றி மேப்மைஇந்தியாவின் மேப்பிள்ஸ் செயலியும் இதில் ஓடும். மேம்பாலங்கள் பிரியும் இடங்களில் எந்தத் தடத்தில் நிற்க வேண்டும் என்பதை முப்பரிமாணப் படமாகக் காட்டுவது மேப்பிள்ஸின் தனிச்சிறப்பு. கத்திப்பாராவுக்குப் புதியவர் ஒருவருக்கு அந்தப் படம் பத்து முறை குரல் கொடுப்பதைவிட உதவும்.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. வயரில்லா இணைப்பு வசதியானதுதான், ஆனால் நெடும்பயணத்தில் கைபேசியைச் சூடாக்கி பேட்டரியை உறிஞ்சுகிறது. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணமானால் கேபிளே நல்லது. சாலையோரக் கடையில் வாங்கிய, சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளைச் செருகிவிட்டுக் காரின் திரையைக் குறை சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். தரவும் கடத்தும் கேபிளாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், திரை இருக்கும் உயரம். சில கார்களில் திரை டேஷ்போர்டின் மேல்விளிம்பில் நிற்கிறது, சிலவற்றில் ஏ.சி. துவாரங்களுக்கும் கீழே, கியரை ஒட்டிப் பதிந்திருக்கிறது. கீழே இருக்கும் பெரிய திரையைவிட, சாலையைப் பார்த்தபடியே ஓரக்கண்ணில் படும் சிறிய திரை மேல். இதை விளம்பரப் படத்தில் கண்டறிய முடியாது. ஓட்டிப் பார்க்கக் காரைத் தரும்போது, இருக்கையைத் தனக்கேற்ப உயர்த்தி, வழிகாட்டியை ஓடவிட்டு, ஒரு திருப்பத்தையாவது அதைக் கொண்டு எடுத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதான உள்பதித்த வழிகாட்டிக்கு உண்மையான ஒரு வலிமை உண்டு. காரின் கூரையில் உள்ள ஆன்டெனா, சக்கரம் சுழலும் வேகம், திரும்பும் கோணம் ஆகியவற்றையும் சேர்த்துக் கணிப்பதால், சுரங்கப்பாதைக்குள்ளும் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலும் அது தன் இடத்தை இழப்பதில்லை. வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்திலேயே அடுத்த திருப்பத்தைக் காட்டும் கார்களில் கண் விலகும் நேரமும் மிகக் குறைவு. ஆனால் நீண்ட சுரங்கப்பாதைகள் அரிதான நம் மாநிலத்தில் அந்த வலிமைக்குப் பெரிய வேலையில்லை. வரைபடத்தின் வயதுதான் இங்கே சிக்கல். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது 2023 டிசம்பர் 30. அதற்கு முன் வாங்கிய காரின் வரைபடத்தைப் புதுப்பிக்காமல் வைத்திருப்பவரிடம், வெளியூர் செல்லும் உறவினரைப் பேருந்தேற்றிவிட வேண்டுமானால் அது இன்றும் கோயம்பேட்டையே காட்டக்கூடும். புறவழிச்சாலைகள் புதிது புதிதாகத் திறக்கும் இடங்களில், திரையில் நம் கார் வயலுக்கு நடுவே, பாதையே இல்லாத வெற்றுப் பச்சையில் ஊர்ந்துகொண்டிருப்பதையும், குரல் மீண்டும் மீண்டும் திரும்பச் சொல்வதையும் பார்க்கலாம். புதுப்பிக்க சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டுமா, யு.எஸ்.பி.யில் இறக்க வேண்டுமா, இணையம் வழியாகத் தானாக வருமா, எத்தனை ஆண்டுகள் இலவசம், அதன்பின் ஆண்டுச் சந்தா எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்காமல் இதற்குக் கூடுதல் பணம் கொடுக்கக் கூடாது. இணையத்தோடு சேர்ந்த கூகுள் வரைபடமே உள்ளே பதிந்து வரும் கார்களுக்கு வரைபடம் பழசாகும் இந்தக் குறை பொருந்தாது, சந்தாவைப் பற்றிய கேள்வி மட்டும் பொருந்தும்.

தனிக் கருவியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெயிலைத் தாங்கும், அழைப்பு எதுவும் வராது, டவர் தேவையில்லை. கைபேசியை வழிக்குப் பயன்படுத்தவே விரும்பாத முதியவருக்கும், மாதக்கணக்கில் காட்டுப் பகுதிகளில் ஓட்டுபவருக்கும் இன்றும் அது பொருந்தலாம். பழைய கருவியை யாரேனும் குறைந்த விலைக்குத் தந்தால் மட்டும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். ஜி.பி.எஸ். வாரங்களை 1,024 வரை எண்ணிவிட்டு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 2019 ஏப்ரல் 6 அன்று அப்படித் தொடங்கியபோது, மென்பொருள் புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் சில தேதியைத் தவறாகக் கணித்தன. நிறுவனம் கைவிட்ட மாடலுக்கு வரைபடமும் வராது, இத்தகைய திருத்தமும் வராது.

இந்த நான்கில் எதை வாங்கினாலும் தீராத சில தவறுகள் உள்ளன. அவற்றை அறிந்து ஓட்டுவதும் தேர்வின் ஒரு பகுதி என்றே நினைக்கிறேன். திறந்த வானத்தின் கீழ் சாதாரணக் கைபேசியின் துல்லியம் சுமார் 5 மீட்டர். மேம்பாலத்தின் மேல் செல்லும் சாலைக்கும் அதன் ஓரத்துச் சர்வீஸ் சாலைக்கும் இடைவெளி அதைவிடக் குறைவாக இருக்கும் இடங்கள் நான்குவழிச்சாலைகளில் எத்தனையோ. நாம் மேலே ஏறிவிட்ட பிறகும், கீழே இருப்பதாக எண்ணிக்கொண்டு "இடப்புறம் திரும்பவும்" என்று குரல் சொல்லும். தவறவிட்டால் அடுத்த திறப்புவரை போய்த் திரும்புவதே வழி. வண்டியை ஓரங்கட்டிப் பின்னால் எடுப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

ஊர்ப் பெயர்கள் இன்னொரு கண்ணி. குரு தலமான ஆலங்குடி திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது; புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஓர் ஆலங்குடி, தாலுகாத் தலைநகராகவே இருக்கிறது. பட்டுக்குப் பேர்போன திருபுவனம் கும்பகோணத்துக்கு அருகில். திருப்புவனம் சிவகங்கை மாவட்டத்தில், மதுரைக்குப் பக்கத்தில். ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்தால் இவற்றுக்குள் வேறுபாடே தெரியாது. ஊர்ப் பெயரைத் தேர்ந்தவுடன் "தொடங்கு" என்பதை அழுத்தாமல், முழு வழியையும் ஒருமுறை விரித்து, மாவட்டமும் நடுவில் வரும் பெரிய ஊர்களும் நாம் எதிர்பார்த்தவைதானா என்று பார்க்க அரை நிமிடம் போதும். திருமண அழைப்பிதழில் கியூ.ஆர். குறியீடு அச்சிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது, இந்தச் சிக்கலுக்கு அது நல்ல தீர்வு. அதில்லாத ஊர்களுக்கு, அங்கே இருப்பவரிடம் வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தை அனுப்பச் சொல்லலாம்.

வாகன வகையையும் கட்டாயம் பார்க்க வேண்டும். வார நாட்களில் ஸ்கூட்டருக்காகக் கூகுள் மேப்ஸில் இருசக்கர வாகனத்தைத் தேர்ந்திருப்பவர், ஞாயிற்றுக்கிழமை காரை எடுக்கும்போது அதை மாற்ற மறந்துவிடுகிறார். கார் நுழையவே முடியாத சந்தில் போய் நின்ற பிறகுதான் திரையின் மேல்வரிசையில் பைக் படம் ஒளிர்வதைக் கவனிக்கிறார். 2024 ஜூலையில் கூகுள், சென்னையும் கோயம்புத்தூரும் உட்பட எட்டு இந்திய நகரங்களில் குறுகலான தெருக்களைக் கண்டு கார்களைத் தவிர்க்கச் செய்யும் வசதியை அறிவித்தது. கிராமத்துச் சந்துகளுக்கு அந்தக் காவல் உண்டு என்று எண்ணிவிட வேண்டாம். சுங்கச்சாவடியைத் தவிர்க்கும் அமைப்பும் அப்படியே: கட்டணம் மிச்சமாகும், ஆனால் இரவு பத்து மணிக்குக் கண்மாய்க் கரைமேல் எதிரில் டிராக்டர் வந்தால் ஒதுங்க இடமிருக்காது.

இத்தகைய தவறுகளுக்கு மலையிலும் ஆற்றுப் பாலத்திலும் நாம் கொடுக்கும் விலை மிக அதிகம். 2024 ஜனவரியில் கூடலூரில், செயலி காட்டிய விரைவு வழியை நம்பி வந்த ஒருவர் தம் காரைப் படிக்கட்டில் இறக்கி நிறுத்த நேர்ந்தது. அங்கிருந்தோர் உதவியுடன்தான் அதை மீட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி இடிந்திருந்த பாலத்தின் மேல் சென்ற கார் ராமகங்கை ஆற்றில் விழுந்து மூவர் இறந்தனர். அவர்களும் செயலி காட்டிய வழியில்தான் சென்றதாகச் செய்திகள் வந்தன. தடுப்பு வைக்காதவர்களின் பொறுப்பு அதில் பெரிது. ஆனாலும் முன்விளக்கின் வெளிச்சத்தில் தெரியும் சாலையைத் தவிர வேறெதுவும் அந்த நேரத்தில் நம்மைக் காக்க முடியாது.

நம் மலைப்பாதைகளின் கட்டுப்பாடுகளும் எல்லா நேரமும் வரைபடத்தில் ஏறியிருக்கும் என்று சொல்ல முடியாது. உதகையிலிருந்து மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளோடு இறங்கும் கல்லட்டிப் பாதை, தூரத்தில் குறைவு. வெளியூர் வாகனங்கள் அதில் இறங்கத் தடை உண்டு, கூடலூர் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணிவரை மூடப்படுகிறது. 27 வளைவுகள் கொண்ட திம்பம் பாதையிலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வந்தது. புறப்படும் முன் அந்தந்த மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, அடிவாரத்தில் பெட்ரோல் போடும்போது அங்கே ஒருவரிடம் "மேலே ரோடு எப்படி?" என்று கேட்டுக்கொள்வதை நான் ஒருபோதும் விடுவதில்லை. நேற்றிரவு விழுந்த மரம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

பயன்படுத்தும் முறையில் நான் கறாராக இருப்பது ஒன்றில்தான்: வண்டி நகரத் தொடங்கிய பின் ஓட்டுபவரின் விரல் திரையில் படக் கூடாது. சேருமிடத்தை வீட்டு வாசலிலேயே பதிந்துவிட வேண்டும், குரலைப் பாட்டைவிடச் சற்று உரக்க வைக்க வேண்டும், மாற்ற வேண்டியது ஏதேனும் வந்தால் பக்கத்தில் இருப்பவர் மாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு என் மனைவியுடையது. "அடுத்த பாலத்துக்குக் கீழே போகணும், மேலே ஏறாதீங்க" என்று அவர் அரை கிலோமீட்டருக்கு முன்பே சொல்லும்போது, நான் திரையைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. தனியாக ஓட்டும் நாளில் பெட்ரோல் பங்கிலோ தேநீர்க் கடையிலோ நிறுத்திவிட்டுத்தான் தொடுகிறேன்.

இவ்வளவையும் எடைபோட்டு மைத்துனருக்குச் சொன்னது இதுதான். மேல் வேரியன்ட்டின் வரைபடத்துக்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின் சந்தா கட்ட வேண்டியிருந்தது. கீழ் வேரியன்ட்டின் திரையோ டேஷ்போர்டின் உச்சியிலேயே நின்றது, ஆண்ட்ராய்டு ஆட்டோவும் இருந்தது. அவருக்கு இரண்டாவதே போதும். தொடுதிரை இல்லாத பழைய காரை வைத்திருப்பவர், வேறெதற்கும் செலவழிக்காமல் உறுதியான ஸ்டாண்டும் நல்ல கார் சார்ஜரும் வாங்கினால் போதும். இணையத்தோடு இயங்கும் உள்பதித்த வழிகாட்டி, வேறு காரணங்களுக்காக நாம் வாங்கும் வேரியன்ட்டில் சேர்ந்தே வந்தால் மறுக்க வேண்டியதில்லை. அதற்காகவே வேரியன்ட்டை உயர்த்துவதுதான் தேவையற்றது. மைத்துனர் மிச்சமான பணத்தில் ஒரு பகுதியைத் தம் பழைய காருக்கு, அது இப்போது அவருடைய மகள் ஓட்டும் கார், நான்கு புதிய டயர்கள் வாங்கச் செலவிட்டார். கூடவே ஏ.சி. துவாரத்தில் திருகும் ஸ்டாண்டு ஒன்றையும் வாங்கி, அதை எங்கே பொருத்துவது என்று மகளையே ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்துப் பார்த்து, அவள் கண் மட்டத்துக்கு ஏற்ப இறுக்கிக் கொடுத்தார்.